இடைமுகம்: வகை தெரியாத பொருளிடம் வேலை வாங்கும் வழி

திருகோணமலையில் கரைசேரும் மீனுக்குப் பற்றுச்சீட்டு எழுதும் செய்நிரல் ஒன்றை, ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்காக நாம் எழுதப்போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பாரையும் அறக்குளாவும் கிலோக் கணக்கில் விலை போகும். நிலாவெளிப் பக்கம் கரைவலையில் அகப்பட்ட பலவகைச் சிறு மீன்களை நிறுக்காமல் கூறு கூறாகப் பிரித்து வைத்து, கூறு ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்று ஏலம் விடுவார்கள். கொட்பேத் துறைமுகத்தில் இருந்து வரும் சூரையோ ஐஸ் போட்ட பெட்டியோடு தராசில் ஏறும். பெட்டியின் நிறையையும் ஐஸின் நிறையையும் கழித்த பிறகே மீனின் நிறை தெரியவரும். மூன்றும் மீன்தான், ஆனால் மூன்றுக்கும் கணக்கு வேறு.

செய்நிரலை எழுதும் நாளில் நமக்கு உறுதியாகத் தெரிவது இவ்வளவே: வரவு ஒன்று வரும், அந்த வரவுக்கு ஒரு தொகை உண்டு. அடுத்து வரும் வரவு கிலோவா, கூறா, பெட்டியா என்பது விடியற்காலையில் எழுதுவினைஞர் திரையில் ஒரு பொத்தானை அழுத்தும் கணத்தில்தான் தீர்மானமாகும். ஒரு பொருளின் (செய்நிரலுக்குள் ஒரு வரவைக் குறித்து நிற்கும் தரவுத் தொகுதியின்) வகை இயக்க நேரத்தில்தான், அதாவது செய்நிரல் ஓடும்போதுதான், தெரியவரும் என்று செய்நிரலாளர்கள் சொல்வது இந்த நிலையைத்தான். இப்படி வகை தெரியாமல் வரும் பொருளைக் குழப்பமின்றிக் கையாளுவதற்கான ஏற்பாடே இன்டர்ஃபேஸ் எனப்படும் இடைமுகம்.

முதலில், இடைமுகம் என்ற ஒன்றை அறியாதவர் இதை எப்படி எழுதுவார் என்று பார்ப்போம், ஏனெனில் அந்த வழி எங்கே இடறுகிறது என்று தெரியாமல் மாற்று வழியின் அருமை விளங்காது.

ஒவ்வொரு வரவுக்கும்:
    வரவின் வகை "கிலோ" எனில்:
        மொத்தம் = மொத்தம் + நிறை × விலை
    வரவின் வகை "கூறு" எனில்:
        மொத்தம் = மொத்தம் + கூறுகள் × ஏலவிலை
    வரவின் வகை "பெட்டி" எனில்:
        மொத்தம் = மொத்தம் + (முழுநிறை − கழிவு) × விலை

இதில் பிழை எதுவும் இல்லை. கிலோ 900 ரூபாய் வீதம் 42 கிலோ பாரைக்கு 37,800 ரூபாய்; 750 ரூபாய் வீதம் 12 கூறுக்கு 9,000 ரூபாய்; பெட்டியும் ஐஸும் கழித்துத் தேறிய 75 கிலோ சூரைக்குக் கிலோ 400 வீதம் 30,000 ரூபாய்; ஆக 76,800 ரூபாய் என்று சரியாகவே விடை வரும். சிக்கல் இந்த ஓரிடத்தில் இல்லை. பற்றுச்சீட்டு அச்சிடும் இடத்திலும் இதே மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். நாளாந்த அறிக்கை தயாரிக்கும் இடத்திலும், சங்கத்தின் கழிவுப்பணம் பிடிக்கும் இடத்திலும், மாத முடிவில் தொழிலாளியின் கணக்கைத் தீர்க்கும் இடத்திலும் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும்.

இப்போது இறாலையும் இதே செய்நிரலில் சேர்க்கும்படி சங்கம் கேட்கிறது. இறாலை அளவு பார்த்துத் தரம் பிரித்து, தரத்துக்கு ஒரு விலை போடுவார்கள். செய்நிரலாளர் ஐந்து இடங்களிலும் நான்காவது கேள்வியைச் சேர்க்க வேண்டும். நான்கு இடங்களில் சேர்த்து ஐந்தாவதை விட்டுவிட்டால் செய்நிரல் நிற்காது, எச்சரிக்காது, எந்தக் கேள்விக்கும் பொருந்தாத இறாலைக் கண்டும் காணாமல் தாண்டிச் சென்றுவிடும். மாத முடிவில் ஒரு தொழிலாளியின் கணக்கில் இறாலுக்கான பணம் வராமல் போகும். கணினித் தவறுகளில் மிகவும் கொடியது இந்த வகைத் தவறு என்பது என் எண்ணம், ஏனெனில் அதைக் கண்டுபிடிப்பவர் செய்நிரலாளராக இருக்க மாட்டார், இரவெல்லாம் கடலில் நின்று உழைத்தவராக இருப்பார்.

இடைமுகம் இந்தக் கேள்வியையே மாற்றிவிடுகிறது. "நீ என்ன வகை?" என்று வரவைக் கேட்டு அதன் கணக்கை நாம் போடுவதற்குப் பதிலாக, "உன் தொகை என்ன?" என்று வரவிடமே கேட்கிறோம். அப்படிக் கேட்க முடியுமானால் அதன் வகை நமக்குத் தெரிய வேண்டியதில்லை. எல்லா வரவுகளும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் என்ற உடன்பாட்டை எழுத்தில் வைப்பதுதான் இடைமுகம். கீழே வகுப்பு என்பது, ஒரு வகைப் பொருளின் தரவுகளையும் அது செய்யும் வேலைகளையும் சேர்த்து எழுதும் பகுதி.

இடைமுகம் வரவு:
    தொகை()      — ரூபாயில் ஓர் எண்ணைத் தரும்
    விவரம்()     — பற்றுச்சீட்டில் அச்சிடும் வரியைத் தரும்

வகுப்பு கிலோவரவு, வரவு இடைமுகத்தை நிறைவேற்றும்:
    தொகை():  நிறை × விலை

வகுப்பு கூறுவரவு, வரவு இடைமுகத்தை நிறைவேற்றும்:
    தொகை():  கூறுகள் × ஏலவிலை

பெட்டிவரவு என்ற வகுப்பையும் இதேபோல் எழுதலாம்; ஒவ்வொரு வகுப்பும் எழுத வேண்டிய விவரம்() சுருக்கம் கருதி இங்கே விடப்பட்டது. இடைமுகத்துக்குள் கணக்கு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். எந்த மெதட்டை (பொருளிடம் பெயர் சொல்லிக் கேட்கும் வேலையை) அழைக்கலாம், அது எதைத் தரும் என்பது மட்டுமே அங்கே இருக்கிறது. எப்படிக் கணக்கிடுவது என்பது அந்தந்த வகுப்பின் பொறுப்பு. இதன் பின் மொத்தம் போடும் பகுதி இவ்வளவாகச் சுருங்கிவிடுகிறது:

ஒவ்வொரு வரவுக்கும்:
    மொத்தம் = மொத்தம் + வரவு.தொகை()

இறால் வந்தால் "இறால்வரவு" என்று ஒரு புதிய வகுப்பை எழுதி, அதில் இரண்டு மெதட்டுகளையும் நிரப்பினால் போதும். மேலே உள்ள இரண்டு வரிகளை யாரும் தொட வேண்டியதில்லை. ஜாவா போன்ற மொழியில், இடைமுகத்தை நிறைவேற்றுவதாகச் சொல்லிவிட்டு ஒரு மெதட்டை எழுதாமல் விட்டால், நாம் எழுதியதை ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் தொகுப்பி அந்த வகுப்பை ஏற்க மறுத்துவிடும். முன்பு மாத முடிவில் வெளிப்பட்ட தவறு, இப்போது செய்நிரல் இயங்கத் தொடங்கும் முன்னரே அகப்பட்டுவிடுகிறது.

தொடக்கநிலையில் கற்பவர்களுக்கு இங்கே நியாயமான ஒரு வியப்பு எழும். "வரவு.தொகை()" என்ற ஒரே வரி சிலவேளை கிலோக் கணக்கையும் சிலவேளை கூறுக் கணக்கையும் போடுகிறதே, எதைப் போடுவது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? இதில் மாயம் எதுவும் இல்லை. சி பிளஸ் பிளஸ் மொழியின் வழக்கமான ஏற்பாட்டை எடுத்துக்கொண்டால், இவ்வகையான ஒவ்வொரு பொருளும் நினைவகத்தில் தனது தரவுகளோடு ஒரு முகவரியையும் வைத்திருக்கும். அந்த முகவரி, அப்பொருளின் வகுப்புக்கு உரிய ஓர் அட்டவணையைச் சுட்டும். அட்டவணையின் முதல் கட்டத்தில் அந்த வகுப்பின் "தொகை" எங்கே தொடங்குகிறது என்றும், அடுத்த கட்டத்தில் "விவரம்" எங்கே தொடங்குகிறது என்றும் எழுதப்பட்டிருக்கும். அழைப்பு வரும்போது கணினி பொருளில் இருந்து அட்டவணைக்குப் போய், முதல் கட்டத்தில் உள்ள முகவரியை எடுத்து, அங்கே தாவுகிறது. கிலோவரவின் அட்டவணையும் கூறுவரவின் அட்டவணையும் வெவ்வேறு என்பதால் தாவும் இடமும் வேறாகிறது. வகையைப் பற்றிய கேள்வி ஒழிந்துபோகவில்லை. பொருள் தன் வகையைத் தன்னோடு சுமந்து வருவதால் நாம் கேட்க வேண்டிய தேவை ஒழிந்தது, அவ்வளவுதான்.

இந்தச் சுற்றுவழியால் வேகம் குறையாதா என்று கேட்பவர்களும் உண்டு. நேரடி அழைப்பைவிட இது சற்றே கூடிய வேலைதான். ஆயினும் ஜாவாவின் ஹொட்ஸ்பொட் போன்ற இயக்க அமைப்புகள், ஓர் அழைப்பிடத்தில் நடைமுறையில் ஓரிரு வகைகளே வருவதைக் கண்டால் அந்த அழைப்பை நேரடியாகவே மாற்றி அமைத்துவிடும். மீன் பற்றுச்சீட்டு எழுதுகிறவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆனால் வேறொரு கேள்வியை விட்டுவிடக் கூடாது. பயன்படுத்தும் இடத்தில் வகை தெரிய வேண்டாம் என்றாலும், பொருளை உருவாக்கும் இடத்தில் யாருக்காவது தெரிந்துதானே ஆக வேண்டும்? ஆம். எழுதுவினைஞர் "கூறு" என்ற பொத்தானை அழுத்தியபோது கூறுவரவு ஒன்றை உருவாக்குகிற பகுதி எங்காவது இருக்கத்தான் வேண்டும். இடைமுகத்தைக் கற்ற உற்சாகத்தில் வகை பார்க்கும் கேள்விகள் முழுவதும் மறைந்துவிடும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். அவை மறைவதில்லை, ஐந்து இடங்களில் சிதறிக் கிடந்தவை ஓரிடத்துக்கு வந்து சேர்கின்றன. அந்த இடத்தை ஃபெக்டரி என்பது வழக்கம். பொத்தானின் பெயரையும் அதற்குரிய வகுப்பையும் சோடியாக எழுதி வைத்த ஒரு சிறு அட்டவணையே பெரும்பாலும் அதற்குப் போதுமானது.

செய்நிரலை எழுதி முடித்த பிறகு, வேறு யாரோ எழுதப்போகும் வகுப்புக்கும் இது பொருந்தும் என்பதில்தான் இடைமுகத்தின் முழு வலிமையும் இருக்கிறது. ஜாவாவில் தரவுத்தளங்களோடு பேசுவதற்கான ஜேடிபிசி இடைமுகங்கள் 1997இல் ஜேடிகே 1.1 உடன் வந்தன. அவற்றை நம்பி எழுதிய செய்நிரல், ஒரக்கிளோடும் போஸ்ட்கிரெஸோடும் மைஎஸ்கியூஎல்லோடும் பேசும். அந்தந்தத் தரவுத்தளத்துக்கான டிரைவர் என்னும் இணைப்புச் செய்நிரலை அதை உருவாக்கியவர்கள் எழுதித் தருகிறார்கள், செய்நிரல் அவற்றின் உட்புறத்தை அறிவதில்லை. இயங்குதளத்திலும் இதுவே நடக்கிறது. லினக்ஸில் "ரீட்" என்று கேட்கும் செய்நிரலுக்கு, எதிரே இருப்பது வட்டில் உள்ள கோப்பா, விசைப்பலகையா, இன்னொரு செய்நிரலில் இருந்து வரும் குழாயா என்று தெரிய வேண்டியதில்லை. லினக்ஸின் கருவை, அதாவது அதன் மையப் பகுதியை, பெரும்பாலும் எழுதியிருக்கும் சி மொழியில் இடைமுகம் என்ற சொல்லே கிடையாது. ஒவ்வொரு சாதனத்துக்கும் ரீட், ரைட் முதலிய சார்புகளின் (பெயர் சொல்லி அழைக்கும் செய்நிரல் துண்டுகளின்) முகவரிகளை நிரப்பிய ஒரு கட்டமைப்பைக் கொடுத்து அதே பலனை அடைகிறார்கள். மேலே பார்த்த அட்டவணையை அங்கே கையால் கட்டுகிறார்கள் என்று சொன்னால் தகும்.

இடைமுகம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது தனியே சிந்திக்க வேண்டிய ஒன்று. எங்கள் சங்கத்துக்கு, நாளொன்றுக்கு எத்தனை கிலோ மீன் கரைசேர்ந்தது என்ற அறிக்கையும் தேவைப்படுகிறது என்போம். உடனே வரவு இடைமுகத்தில் "நிறை()" என்று மூன்றாவது மெதட்டைச் சேர்க்கக் கை துறுதுறுக்கும். ஆனால் கூறு வரவுக்கு நிறை கிடையாது, அதை யாரும் தராசில் வைக்கவே இல்லை. தொகுப்பியைச் சமாதானப்படுத்துவதற்காகக் கூறுவரவு பூச்சியத்தைத் திருப்பித் தந்தால், கரைவலை மீன் நன்றாக அகப்பட்ட நாளிலும் கரைசேர்ந்த அளவு குறைவு என்று அறிக்கை பொய் சொல்லும். ஒரு வகுப்பால் உண்மையாக விடை சொல்ல முடியாத கேள்வியை இடைமுகத்தில் வைப்பது, அந்த வகுப்பைப் பொய் சொல்லும்படி கட்டாயப்படுத்துவதாகும்.

சரியான வழி, "நிறுக்கப்பட்டது" என்று இன்னொரு சிறிய இடைமுகத்தை வகுத்து, அதில் நிறை() என்ற ஒன்றை மட்டும் வைப்பது. கிலோவரவும் பெட்டிவரவும் இரண்டு இடைமுகங்களையும் நிறைவேற்றும். கூறுவரவு ஒன்றை மட்டும் நிறைவேற்றும். அறிக்கைப் பகுதி ஒவ்வொரு வரவையும் "நீ நிறுக்கப்பட்டதா?" என்று இயக்க நேரத்தில் கேட்டு, ஆம் என்பவற்றின் நிறையைக் கூட்டி, இல்லை என்பவற்றைக் கூறுகளாகத் தனியே எண்ணிக் காட்டும். இதுவும் வகை பார்க்கும் கேள்விதானே என்று தோன்றலாம். வேறுபாடு முக்கியமானது: நாம் கேட்பது இன்ன வகுப்பா என்பதை அன்று, இன்ன வேலையைச் செய்ய முடியுமா என்பதை. நாளைக்கு இறால்வரவு வந்து, தன்னால் முடியும் என்று சொன்னால், அறிக்கையில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் அதன் நிறையும் கூடிவிடும். தனித்தனியே எழுதிய செய்நிரல் பகுதிகளை ஒன்றோடொன்று பேச வைப்பதற்காக மைக்ரோசொஃப்ட் 1993இல் கொண்டுவந்த கொம் என்னும் ஏற்பாடு முழுவதும் இந்தக் கேள்வியின் மீதே எழுப்பப்பட்டது. அங்கே ஒவ்வொரு பொருளும் "ஐஅன்னோன்" என்ற அடிப்படை இடைமுகத்தை நிறைவேற்றியே ஆக வேண்டும். அதில் உள்ள மூன்று சார்புகளில் ஒன்றான "குவெரிஇன்டர்ஃபேஸ்", குறித்த இன்னோர் இடைமுகத்தை நீ ஆதரிக்கிறாயா என்று முற்றிலும் அறியாத பொருளிடம் கேட்பதற்காகவே இருக்கிறது. கோ மொழியும் சிறிய இடைமுகங்களையே விரும்புகிறது. அதன் நூலகத்தில் உள்ள "ரீடர்" இடைமுகத்தில் இருப்பது ஒரே ஒரு மெதட். கோப்பு, வலைத்தொடர்பு, சுருக்கிய தரவு எல்லாம் அதனூடாகவே வாசிக்கப்படுகின்றன.

இனிச் சொல்லப்போவதை மெதுவாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் பாடங்களில் இது பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோய்விடுகிறது. தொகுப்பி சரிபார்ப்பது மெதட்டின் பெயரையும், அது வாங்கும், தரும் தரவுகளின் வகையையும் போன்ற வெளி வடிவத்தை மட்டுமே. தொகை() ஓர் எண்ணைத் தருகிறதா என்று அது பார்க்கும். அந்த எண் ரூபாயா சதமா என்று அதற்குத் தெரியாது. இறால்வரவை எழுதிய புதியவர், தசமத் தவறுகளைத் தவிர்க்க எண்ணித் தொகையைச் சதத்தில் திருப்பித் தந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,000 ரூபாய் இறாலுக்குத் தொகை() 500,000 என்று தரும். தொகுப்பி மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும், மொத்தம் போடும் இரண்டு வரிகளும் வழமைபோல் ஓடும், பற்றுச்சீட்டில் நூறு மடங்கு தொகை அச்சாகும். இங்கே மீறப்பட்டது இடைமுகத்தின் எழுத்து அன்று, அதன் பின்னால் உள்ள வாக்கு.

அந்த வாக்கில் என்னவெல்லாம் அடங்கும்? தொகை ரூபாயில் இருக்கும். ஒருபோதும் பூச்சியத்துக்குக் கீழே போகாது. இரண்டு தரம் கேட்டாலும் ஒரே விடை வரும். கேட்பதால் வேறெதுவும் மாறாது, எதுவும் அச்சாகாது. அமெரிக்கக் கணினியியலாளர் பாபரா லிஸ்கொவ் 1987ஆம் ஆண்டு உரையொன்றில் இந்தக் கருத்துக்குத் தெளிவான வடிவம் கொடுத்தார். 1994இல் ஜனெற் விங்குடன் சேர்ந்து அதை இன்னும் துல்லியமாக எழுதினார். சுருங்கச் சொன்னால், ஒரு வகையை எதிர்பார்க்கும் இடத்தில் அதன் உபவகை ஒன்றை (வரவுக்குப் பதில் இறால்வரவை வைப்பதுபோல்) வைத்தாலும், அந்த இடத்தில் உள்ள செய்நிரல் நம்பியிருந்த பண்புகள் குலையக் கூடாது. புகழ்பெற்ற நூலகங்களிலும் இந்த வாக்கு தளர்வதைக் காணலாம். ஜாவாவின் "லிஸ்ட்" இடைமுகத்தில் உறுப்பைச் சேர்க்கும் மெதட் ஒன்று உண்டு, ஆனால் 2017இல் வந்த ஜாவா 9இன் "லிஸ்ட்.ஒஃப்" தரும் பட்டியலில் அதை அழைத்தால், ஆதரிக்கப்படாத செயல் என்ற பிழை இயக்க நேரத்தில் எழும். சேர்ப்பது விருப்பத்துக்குரிய செயல் என்று ஆவணத்தில் எழுதியிருக்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனாலும் ஆவணத்தை வாசிக்காதவரைத் தொகுப்பி காப்பாற்றுவதில்லை.

ஆகவே வாக்கைச் சோதனைகளாக எழுதி வையுங்கள். "வரவு" இடைமுகத்துக்கென ஒரே ஒரு சோதனைத் தொகுப்பை எழுதி, அதை நிறைவேற்றும் வகுப்பு ஒவ்வொன்றையும் அதன் ஊடாகச் செலுத்தலாம். விலையும் நிறையும் தெரிந்த ஒரு மாதிரி வரவுக்குத் தொகை எவ்வளவு வர வேண்டும் என்று அதில் இருந்தால், சதத்தில் விடை சொன்ன இறால்வரவு அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

உயர்தரத்தில் தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்றவர்கள் பைதனில்தான் செய்நிரல் எழுதப் பழகியிருப்பார்கள். இடைமுகம் என்று எதையும் அறிவிக்காமலே பைதனில் இதெல்லாம் நடக்கிறதே என்று அவர்கள் கேட்பது சரியே. பைதன், அழைக்கும் கணத்தில் அந்தப் பெயருடைய மெதட் பொருளில் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் ஓட்டும், இல்லாவிட்டால் பிழை எழுப்பும். இதன் வசதி பெரிது. விலையும் உண்டு: மெதட் ஒன்றை எழுத மறந்த வகுப்பு, அந்த வகையான வரவு முதன்முதலாக வரும் வரை அமைதியாக இருக்கும். கடல் கொந்தளிக்கும் வாடைக்காலத்தில் மட்டும் கருவாட்டுக்கென ஒரு வகுப்பு பயன்படுமானால், பங்குனியில் விட்ட பிழை கார்த்திகையில்தான் தலைகாட்டும். 2019இல் வந்த பைதன் 3.8, "புரொட்டோகோல்" என்ற வசதியைத் தந்தது. எந்த மெதட்டுகள் வேண்டும் என்று அதில் எழுதிவைத்தால், வகுப்புகள் அதன் பெயரைச் சொல்லாமலே, மைபை போன்ற ஒரு கருவி செய்நிரலை ஓட்டாமலே குறையைச் சுட்டிக்காட்டும். பைதனில் சற்றுப் பெரிய வேலை செய்கிறவர்கள் இதைப் பழகிக்கொள்வது மிகவும் நன்று.

எல்லாவற்றுக்கும் இடைமுகம் போடும் பழக்கம் நல்லதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு வகுப்பு மட்டும் நிறைவேற்றும் இடைமுகத்தால் வாசிப்பவர் ஒரு கோப்பைக் கூடுதலாகத் திறக்க நேர்கிறதே தவிர, பெரும்பாலும் வேறு பயன் விளைவதில்லை. இரண்டாவது வகை உண்மையாகவே கண்ணுக்குத் தெரியும் வரை பொறுத்திருக்கலாம். சங்கம் கிலோக் கணக்கை மட்டும் கேட்டிருந்தால், நான் கிலோவரவு என்ற வகுப்போடு நிறுத்தியிருப்பேன்.

இன்னொரு நிலையும் உண்டு. இடைமுகம், புதிய வகைகள் வருவதை எளிதாக்குகிறது. புதிய வேலைகள் வருவதைக் கடினமாக்குகிறது. வரவு இடைமுகத்தில் "ஏற்றுமதிப்படிவம்()" என்று ஒரு மெதட்டைச் சேர்த்தால், இருக்கும் வகுப்புகள் அனைத்தையும் திறந்து திருத்த வேண்டும். முதலில் பார்த்த கேள்விச் சங்கிலியில் நிலைமை நேரெதிர்: அங்கே புதிய வேலை என்பது ஒரு புதிய சார்பு, எந்த வகுப்பையும் தொட வேண்டாம். இவ்விரண்டையும் ஒருசேர எளிதாக்குவது எப்படி என்ற சிக்கலுக்கு, 1998இல் ஃபிலிப் வாட்லர் "எக்ஸ்பிரஷன் புரொப்ளம்" என்று பெயரிட்டார். ஆகவே, எது அடிக்கடி மாறும் என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மீனை விற்கும் முறைகள் கூடிக்கொண்டே போகும் என்பதால் எங்கள் பற்றுச்சீட்டுச் செய்நிரலுக்கு இடைமுகம் பொருந்துகிறது. மாறாக, சங்கத்துக்கான கொடுப்பனவு முறைகள் காசு, காசோலை, வங்கி மாற்று என்ற மூன்றோடு நின்றுவிடும், ஆனால் அவற்றின் மீது புதிய அறிக்கைகளை மட்டும் மாதந்தோறும் கேட்பார்கள் என்றால், அங்கே வகை பார்க்கும் வழியே மேலானது. இன்னின்ன வகைகள் மட்டுமே என்று முன்கூட்டியே வரையறுக்கும், 2021இல் ஜாவா 17 தந்த சீல்ட் வகைகளும், பொருளின் வகையைப் பார்த்துக் கிளை பிரியும், 2023இல் ஜாவா 21 நிலைப்படுத்திய சுவிட்ச் அமைப்பும் அதற்கெனவே இருக்கின்றன. மூன்று வகைகளில் ஒன்றை ஒரு சுவிட்ச் விட்டுவிட்டால், இறாலுக்கு நேர்ந்ததுபோல் கண்டும் காணாமல் போகாமல், தொகுப்பி அந்த வரியிலேயே நிறுத்திவிடும்.